விரிப்பின் மறுமுனை

கல்யாணமாகி வந்தபோது என் மருமகளுக்கு வியாபாரம் தெரியாது. தையல் மிஷின் ஒன்றுதான் தெரியும். என் மகன் கடையில் பெட்ஷீட்டும் திரைச்சீலையும் விற்றான்; அவள் வீட்டில் உட்கார்ந்து ஓரம் அடித்துக் கொடுத்தாள். பதினோரு வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் மத்தியானம் மேல்தட்டிலிருந்து துணிக்கட்டு ஒன்றை இறக்கிக் கீழே வைத்தவன், அதன்மேலேயே சாய்ந்துவிட்டான். நெஞ்சு என்றார்கள். ஒரு மாதம் கழித்து அவள் அலமாரியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். எங்கே என்று கேட்டேன். கடைக்கு என்றாள். அவ்வளவுதான் பேச்சு. என் கால் தானாக அவள் பின்னால் போனது.

முதல் வருடம் நிறையப் பேர் வந்தார்கள், யாரும் வாங்கவில்லை. துணியைத் தடவிப் பார்ப்பார்கள், போனில் படம் எடுப்பார்கள், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போவார்கள். ஒரு பெண் போகக்கூட இல்லை. எங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, எங்கள் மின்விசிறிக் காற்றில், எங்கள் விரிப்பை மடியில் வைத்துக்கொண்டே அதே மாதிரி ஒன்றைப் போனில் வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டிருந்தாள். நானாக இருந்தால் ஸ்டூலை உருவியிருப்பேன். என் மருமகள் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அது எப்படிப் போடறது? எனக்கும் காட்டுங்க."

அந்தப் பெண் வெட்கப்பட்டு, ஒரு மணி நேரம் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

அப்படித்தான் லைவ் ஆரம்பித்தது. தினமும் மூன்று மணிக்கு, போனை ஸ்டாண்டில் செருகிவிட்டு விரிப்பைக் காட்டுவாள். இரட்டைக் கட்டில் விரிப்பை மடிப்பாகக் காட்டினால் யாரும் வாங்கமாட்டார்கள். பூ எங்கே இருக்கிறது, கரை எங்கே வருகிறது என்று முழுசாகத் தெரிய வேண்டும். சுவர் மாதிரி நிறுத்திப் பிடிக்க ஆள் இரண்டு வேண்டும். வலதுமுனை அவளிடம், துணிக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். இடதுமுனை என்னிடம். படத்தில் என் மணிக்கட்டு வரைக்கும்தான் விழும். பார்க்கிறவர்கள் எனக்குக் 'கை' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் எழுத்துகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். இதயப் படமும் கட்டைவிரல் படமும்தான் எனக்குப் புரியும். மற்றதை அவள் பிறகு படித்துச் சொல்வாள். கைக்கு ஒரு வளையல்கூட இல்லையா என்று ஒருத்தி கேட்டாளாம். விற்பது விரிப்பா என் கையா என்று எழுதச் சொன்னேன். அதற்கு ஏகப்பட்ட இதயம்.

ஒன்றரை வருடத்தில் கடைக்குள் காலெடுத்து வைக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்றாகிவிட்டது. பார்சல் எடுக்க வரும் கூரியர்க்காரர்தான் எங்கள் நிரந்தர வாடிக்கை. பார்சல் மட்டும் நாளுக்கு முப்பது போனது. போனில் விற்பதற்குத் தெருவில் எதற்குக் கடை, மாதக் கடைசியில் காலி செய்துவிட்டு வீட்டு முன்னறையில் லைவ் போடலாம் என்றாள் அவள். நான் முடியாது என்றேன். வீட்டில் வெளிச்சம் போதாது என்றேன், படி உயரம் என்றேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். என் மகன் கடைசியாக மூச்சு விட்ட இடத்தைப் பூட்டிச் சாவியை இன்னொருத்தனிடம் கொடுக்க எனக்கு மனசில்லை, அதைச் சொல்லவில்லை. அவளும் தன் மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு சொல்லாமல்தான் இருந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் என் கண்புரைக்கு ஆபரேஷன். சர்க்கரை ஏறிக் கிடந்ததால் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். அங்கே இருந்த நர்ஸ் எங்களிடம் வாங்குகிறவள். அந்தக் கை நான்தான் என்று முதல் நாளே பெருமையடித்திருந்தேன். நான்காம் நாள் மூன்றரை மணிக்குச் சொட்டு மருந்தோடு வந்தவள் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பலே ஆளு பாட்டி நீங்க. இங்க படுத்துக்கிட்டே கடையிலயும் நிக்கறீங்களே."

பழைய படமாக இருக்கும் என்றேன். இல்லை, இப்போது ஓடுகிறது, இப்போதுதான் இரண்டு தலையணை உறைக்கு ஆர்டர் போட்டேன் என்று போனை என் கட்டுப் போடாத கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

வெள்ளையில் சாம்பல் கரை போட்ட விரிப்பு, ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. வலப்பக்கம் என் மருமகள் விரல்கள். இடப்பக்கம் ஒரு கை.

வெளிர் நிறத் துணியை உள்ளங்கையால் பிடித்தால் வியர்வைக் கறை விழும். அதனால் என் மகன் ஓரத் தையலைக் கட்டைவிரலில் இரண்டு சுற்று சுற்றி, மடக்கின விரல்களின் பின்பக்கத்தால் தாங்கிக்கொள்வான். எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தான், எனக்கு அது வரவே இல்லை. அந்தக் கை அப்படித்தான் பிடித்திருந்தது.

பக்கத்துக் கடைக்காரர் உதவிக்கு வந்திருப்பார் என்று நர்ஸிடம் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மறுமுனையை யார் பிடித்தது என்று மருமகளைக் கேட்டேன். கிளிப் போட்டு அலமாரியில் மாட்டினேன் என்றாள். மிஷினில் நீளமாக ஓர் ஓரம் அடித்து முடித்தாள். நூலை அறுத்தாள்.

"கிளிப் ரெண்டாம் நாளே உடைஞ்சிருச்சு அத்தை. நான் திரும்பிப் பார்க்கல. துணி தொய்யல, ஆர்டர் வந்துக்கிட்டே இருந்துச்சு, நானும் பேசிக்கிட்டே இருந்தேன்."

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயமே வரல. அதான் அத்தை பயமா இருக்கு. மூணு மணி எப்ப ஆகும்னு இருக்கு. சோறு தண்ணி வேண்டாம்னு இருக்கு. அங்கயே இருந்துடலாம்னு தோணுது." அறுத்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "நீங்க பிடிக்கும்போதும் சில நாள் அப்படித் தோணும். அதுக்குத்தான் காலி பண்ணலாம்னு சொன்னேன்."

அவள் முகம் வாடி, கன்னத்து எலும்பு தெரிந்தது. பார்த்தேன். பார்த்தும், இந்த மாதம் முடியும் வரைக்கும் கடையிலேயே போடலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குள்ளே சந்தோஷம். என் பிள்ளை அங்கே இருக்கிறான். ஒரு தடவை நான் பார்க்க வேண்டும்.

மறுநாள் மூன்று மணிக்கு என் இடத்தில் போய் நின்றேன். அவள் விரிப்பைத் தூக்கித் துணிக்குப் பின்னால் மறைந்தாள். நான் முனையைப் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

துணி விழவில்லை. என் முகத்துக்கு ஒரு முழம் முன்னால், அந்த முனை வெறும் காற்றில் நின்றது. அங்கே யாரும் இல்லை. போனைப் பார்த்தேன். போனில் கை இருந்தது.

அவள் நூல் எண்ணிக்கை சொன்னாள், சாயம் போகாது என்றாள், துவைக்கும் விதம் சொன்னாள். பிறகு, இழுக்காதீங்க அத்தை என்றாள். நான் இழுக்கவில்லை. துணி விறைத்தது. அவள் செருப்பு தரையில் தேய்கிற சத்தம் கேட்டது. ஓர் அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தாள். இன்னோர் அடி. போனில் ஏறிக்கொண்டிருந்த இதயங்கள் நின்றுபோயின. எழுத்தும் நின்றது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. துணிக்குப் பின்னால் விற்கிற குரல் போய், கல்யாணமான புதிதில் சமையலறையிலிருந்து வரும் குரல் வந்தது.

"இதோ வந்துட்டேன்."

அது என்னிடம் சொன்னது இல்லை. அவள் மூன்றாவது அடி எடுத்துவைத்தாள்.

என் பிள்ளையை விரட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் போய்விட்டால் அவளுக்காக அழ இந்த வீட்டில் என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? குனிந்து, அந்த வெற்றிடத்தின் பக்கத்தில் மெதுவாகச் சொன்னேன்.

"விடுப்பா. அவ இருக்கட்டும்."

அவன் சின்ன வயதிலும் அப்படித்தான், ஒரு தடவை சொன்னால் கேட்பான். முனை தளர்ந்தது. விரிப்பு முழுவதும் தரையில் விழுந்தது. அவள் ஒரு நுனியை மட்டும் பிடித்தபடி, தூக்கத்திலிருந்து எழுந்தவள்போல் நின்றாள்.

"ஏன் அத்தை கைய விட்டீங்க?"

"வலிக்குதும்மா," என்றேன். விரிப்பைத் தூக்கி என் பங்குக்குப் பிடித்தேன். அன்றைக்கு அதே விரிப்பு இருபத்திரண்டு போனது.

காலி செய்யலாம் என்று நான்தான் அன்று மாலை சொன்னேன். ஏன் மனசு மாறியது என்று அவள் கேட்கவில்லை. இப்போது முன்னறையில்தான் லைவ். அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், பார்சல் நாற்பதுக்கு ஏறிவிட்டது. என் பக்கம் துணி கொஞ்சம் தொய்கிறது, அதற்குத் திட்டும் வாங்குகிறேன்.

போன வாரம் கமெண்ட் படித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்க்காமல், "நல்லா இழுத்துப் பிடிக்குமே, அந்த இன்னொரு கை எங்கன்னு கேக்கறாங்க அத்தை," என்றாள்.

"ஊருக்குப் போயிருக்குன்னு எழுது," என்றேன்.

எழுதினாள்.