வீட்டுக்காரரின் வெள்ளை அணுக்கள்

இரண்டு வாரமாக இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று விசாரித்தவர்களுக்கு... நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணுவதுதான் என் உத்தியோகம். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து, மைக்ராஸ்கோப் வழியாக வெள்ளை அணுக்களை எண்ணிச் சொல்ல வேண்டும். நோயோடு சண்டை போடும் சிப்பாய்கள் அவை.

என் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் தோல் கம்பெனி வேலை. சனிக்கிழமை தவறாமல் ரயிலேறி வருவார். இந்தத் தடவை காட்பாடியில் இறங்கும்போதே உடம்பு அனலாய்க் கொதித்ததாம். இருமல், தலைவலி, இடுப்பு விட்டுப்போகிற வலி. மகா யுத்தம் முடிந்த வருஷம் இதே இன்ஃப்ளூயென்ஸாவில்தான் அவர் தம்பியைப் பறிகொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டரம்மா ரத்தம் பார்க்கச் சொன்னார். நாளெல்லாம் ஆட்டுத்தோலைப் புரட்டுகிற மனுஷர், என் ஊசியைக் கண்டதும் விரலை மடக்கிக்கொண்டார். பிரித்துப் பிடித்துக் குத்தினேன். எண்ணினேன். வழக்கத்தில் பாதிதான் இருந்தது.

"இன்னா சொல்லுது?" என்று கேட்டார்.

"கம்மியா இருக்குங்க."

அவ்வளவுதான் — முகம் செத்துவிட்டது. இந்தக் காய்ச்சலுக்குக் காரணம் மைக்ராஸ்கோப்பிலும் அகப்படாத ஒரு பொடிக் கிருமி, அது வந்தால் வெள்ளை அணு குறைவது சகஜம், நிமோனியா சேர்ந்தால்தான் ஏறும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். நம்பினாரா? ரத்தம் ஊற ஆட்டு ஈரல் சூப் வேண்டும் என்றார். வைத்துக் கொடுத்தேன்.

நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் குளிர் நடுக்கத்தோடு திரும்ப ஏறியது. மூச்சு இழுத்தால் விலாவில் குத்தல். மறுபடி ஊசி. எண்ணினால்... முன்னதைப் போல நாலு மடங்கு. என் கண்ணையே நம்பாமல் இன்னொரு சொட்டு எடுத்து எண்ணினேன். அதே கணக்கு.

"இப்ப எப்படி?"

"ஜாஸ்தி ஆயிருக்குங்க."

"பாத்தியா, சூப்பு வேலை செஞ்சிடுச்சு" என்று நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

நடத்திய பாடம் மறந்துவிட்டது போலிருக்கிறது. நான் நினைவுபடுத்தவில்லை. சீட்டைப் பார்த்த டாக்டரம்மா நிமோனியா என்றார். வராந்தாவில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன். வேறென்ன செய்வது? நிமோனியாவை விரட்ட இன்னும் மருந்து ஏது? விலாவுக்கு ஒத்தடம், முதுகுக்குத் தலையணை, அப்புறம் காத்திருப்பதுதான்.

ஐந்து நாள் காத்திருந்தேன். அதற்கு மறுநாள் காலையில் படுக்கையெல்லாம் ஈரம். குப்பென்று வியர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. பசிக்கிறது என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் பக்கத்துக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிமோனியா விஷயத்தைச் சொன்னேன். மறைத்ததற்குச் சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "கஞ்சிய நீயே ஊட்டி வுட்டியே. கல்யாணம் ஆன நாளா என்னிக்காவது ஊட்டியிருக்கியா?"

இன்று காலையிலும் ஊட்டச் சொன்னார். மாட்டேன் என்றேன் — தேறிவிட்டோம் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?