விரதம் இருந்த விலாங்கு

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து வரிசை வீடுகளின் கடைசிக் காம்பராவில் இருந்தவள் சண்முகவடிவு. கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி. பிடித்த பிடியை விடாதவள் என்றும் பெயர். அவள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு விலாங்கு மீன்.

பெட்டி பங்களாவிலிருந்து வந்தது. கலர் மீன் வளர்த்த துரை சீமைக்குப் போகும்போது பங்களாத் தோட்டக்காரன் வீரய்யாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். வீரய்யாதான் சண்முகவடிவின் புருசன். அவன் ஆற்றில் ஒரு சாண் விலாங்கைப் பிடித்து வந்து அதில் விட்டான். அந்த மாதமே, தாய் படுக்கையில் கிடப்பதாக இந்தியாவில் துறையூரிலிருந்து கடிதாசி வந்தது. அவன் புறப்பட்ட அன்று இவள் வாசலில் அழுதுகொண்டு நின்றாள்.

"அழுவாத புள்ள. அந்தப் பெட்டி பத்தாம விலாங்கு வளந்து முட்டுறதுக்குள்ள வந்துருவேன்."

அது ஐம்பத்து நாலாம் வருசம். தாயைப் பார்த்தான், அடக்கமும் செய்தான். இலங்கைக்குத் திரும்பி வரத்தான் விசா கிடைக்கவில்லை. இரண்டு கடிதாசி வந்தது. பிறகு அதுவும் இல்லை.

விலாங்கு மட்டும் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கண்ணாடிக்கு வெளியே கையை வைத்துச் சாண் போடுவாள். ஒன்றரை. ஒன்றே முக்கால். பெட்டியோ மூன்று சாண். ஒரு ஞாயிறு மீன் இரண்டைத் தாண்டியிருந்தது.

புருசன் வர வேண்டி வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவள், அந்த வாரம் மீனுக்கும் புழு போடவில்லை. பிறகு செவ்வாயும் சேர்ந்தது, திங்களும் சேர்ந்தது. போகப் போக எட்டு நாளைக்கு ஒரு மண்புழு என்றாகிவிட்டது.

பக்கத்துக் காம்பரா மரியநாயகிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க தவக்காலமே நாப்பது நாளுதான்டி. ஒன் மீனுக்கு வருசம் முழுக்கவா?"

"ரெண்டு பேரா வேண்டுனா சாமிக்குக் காது கேக்கும். நீ ஒன் சோலியப் பாரு."

உள்ளுக்குள் அவள் நினைப்பு வேறு. மீன் வளராமல் நின்றால் அவன் சொன்ன கெடுவும் நிற்கும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஐம்பத்தாறு மார்கழிப் பனியில் மீன் படுத்துவிட்டது. தலை மட்டும் பெரிதாக, உடம்பு கயிறாக, ஒருக்களித்துக் கிடந்தது. வாலில் பஞ்சு ஒட்டியது போல வெள்ளை. மஞ்சள் கரைத்து ஊற்றினாள், விபூதி போட்டாள். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம். வேலைக்கும் போகாமல் பெட்டியருகே உட்கார்ந்தாள். "அவரு வந்து கேட்டா என்னத்தக் காட்டுவேன்?"

லயத்துக்குக் காய்ச்சல் பார்க்க வந்த மருந்துக்காரர் றோலண்டை மரியநாயகிதான் கையோடு கூட்டி வந்தாள். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மலையிலருந்து விழுற பீலித் தண்ணி புடிச்சு மாத்து. ஒரு கை கல்லுப்புப் போடு, வெள்ளை போயிரும். ஆனா இதுக்கு நோவு அது இல்ல, சண்முகவடிவு. பசி."

"விரதங்கய்யா."

"விரதம் இருக்கியான்னு மீனக் கேட்டியா?"

மரியநாயகி வாயைப் பொத்திக்கொண்டாள். சண்முகவடிவு சிரிக்கவில்லை. "தீனி போட்டா வளந்துருமேய்யா," என்றாள்.

"உசுரு இருந்தா வளராம என்ன பண்ணும்?"

அவர் போன பிறகு மாட்டுப்பட்டிக்குப் பின்னால் போய் எருவைக் கிளறிப் புழு எடுத்து வந்தாள். முதல் நாள் மீன் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவள் விரலிலிருந்தே பிடுங்கிக்கொண்டது. அன்றிலிருந்து மீனுக்கு விரதம் கிடையாது. அவள் மட்டும் இருந்தாள்.

அடுத்த ஆடியில் விலாங்கின் மூக்கு ஒரு பக்கக் கண்ணாடியிலும் வால் மறுபக்கத்திலும் முட்டியது. அன்று அவள் கொழுந்தெடுக்க மலைக்குப் போகவில்லை. பொழுது சாயும்வரை ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். யாரும் வரவில்லை.

மறுநாள் பங்களாவுக்குப் பின்னால் கிடந்த பழைய குளியல் தொட்டியைக் கேட்டு வாங்கி, மரியநாயகியோடு இழுத்து வந்து வாசலில் போட்டாள்.

"அதான் முட்டிருச்சேடி. இனி என்ன?" என்றாள் மரியநாயகி, மூச்சு வாங்கிக்கொண்டே.

"முட்டுனா பெருசா ஒண்ணு வச்சுட்டுப் போறேன்."

"அத உள்ள வைக்கக் கூடாதா? மழையில கெடக்கணுமா?"

சண்முகவடிவு பீலித் தண்ணீரைக் குடத்தோடு தொட்டியில் கவிழ்த்தாள்.

"ரெண்டு பொம்பளையால தூக்க முடியுமா இத? அவரு வந்து தூக்கி வைக்கட்டும்."