ஆற்றுக்கு முதுகு காட்டி நின்றவள்

ஏழு வயதில் ஹாயிக் நகரத் தெருவில் ஒரு நாய் மாய்ராவின் மணிக்கட்டைக் கடித்துக் குதறியது. அதன்பின் தூரத்தில் நாயைக் கண்டாலே தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அவள் பின்னலாடை ஆலை வேலையை விட்டு, எங்கள் பள்ளத்தாக்கின் ஆடம் எலியட்டைக் கட்டிக்கொண்டு வந்தபோது நாங்கள் சிரித்தோம். ஆட்டுக்காரன் வீட்டில் நாய் இல்லாமலா?

ஆடம் பழக்கிய நாயின் பெயர் மிர்க். குரைக்காது. உடம்பைத் தாழ்த்தி, இமைக்காமல் பார்த்தே இருநூறு ஆடுகளை நகர்த்தும். வேலையில்லாத நாளில் கோழிகளை மூலையில் ஒதுக்கி வைத்துக் காவல் இருக்கும். அந்தப் பார்வைதான் மாய்ராவுக்கு ஆகாது. ஆறு வருடமாக அதன் சாப்பாட்டுத் தட்டைக் குச்சியால்தான் கூண்டுக்குள் தள்ளினாள்.

சென்ற மார்ச்சில் ஆடம் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் அவர்களுடைய சினையாடுகள் நின்ற ஆற்றோரப் புல்வெளியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பாலம் மூழ்கிவிட்டதால், எதிர்க்கரையில் குடியிருக்கும் என்னால் நின்று பார்க்கத்தான் முடிந்தது.

மாய்ரா கூண்டைத் திறந்துவிட்டுக் கரைக்கு ஓடிவந்தாள். மிர்க் பெரிய வளைவாக மேட்டுப் பக்கம் சுற்றிப்போய் ஆடுகளைத் திரட்டியது. திரட்டி, ஆற்றை நோக்கி ஓட்டியது.

"படு மிர்க், படு" என்று கத்தினாள். ஆற்றின் இரைச்சலில் எதுவும் எடுபடவில்லை. முன்னால் வந்த ஆடுகள் தண்ணீரில் கால் வைத்துவிட்டன. அவள் ஆடமுக்கு போன் போட்டாள். பேசியதைப் பிறகு என்னிடம் சொன்னாள்.

"உன் நாய் எல்லாத்தையும் ஆத்துல தள்ளுது, ஆடம்."

"நீ எங்க நிக்கிற?"

"ஆத்தங்கரைல."

"அடியே, அவன் ஆட்டை ஆள் நிக்கிற இடத்துக்குத்தான் கொண்டு வருவான். நீ மேட்டுக்குப் போ. அவன் தானா எதிர்ப்பக்கம் வந்துடுவான்."

"மேட்டுல அவன் நிக்கிறானே."

"அவனைத் தாண்டித்தான் போகணும்."

"கடிச்சா?"

"கடிச்சா இங்க பக்கத்துக் கட்டில் காலியாத்தான் இருக்கு. போ."

பழைய தழும்பிருந்த கையை அக்குளில் இறுக்கிக்கொண்டு, ஆடுகளுக்கு நடுவே புகுந்து ஓடினாள். மிர்க் தாழப் படுத்து, அசையாமல் அவளையே பார்த்தபடி இருந்தது. பத்தடி இருக்கும்போது அவள் நின்றுவிட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதன் பக்கமாகவே ஓடினாள்.

அவள் தாண்டியதுதான் தாமதம், மிர்க் எழுந்து அகலமாகச் சுற்றி ஆற்றோரம் வந்துவிட்டது. மந்தை திரும்பி அவள் பின்னால் மேடேறியது. ஓர் ஆடு மட்டும் தப்பவில்லை. வெள்ளத்தில் அதன் தலை என்னைக் கடந்து போனது.

"இப்பவாவது பயம் தெளிஞ்சுதா?" என்று பிறகு கேட்டேன்.

"எங்க? கண்ணை மூடினா அதோட கண்ணுதான் தெரியுது" என்றாள்.

ஆடம் நடக்க எட்டு வாரம் ஆயிற்று. அத்தனை நாளும் காலையில் கூண்டின் முன் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளேதான் திறந்துவிட்டாள்.