விமானத்தின் மேல் விழுந்த தூசி

பெசன்ட் நகரில் ஏசி சர்வீஸுக்குப் போன வீட்டில், வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் ஏசிக்கு நேர் கீழே மேசை போட்டு, சின்ன பிளாஸ்டிக் மாடல் விமானத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். பிரஷ் இறக்கையைத் தொடும்போதெல்லாம் கன்னத்தை உப்பி மூச்சை அடக்கிக்கொள்வார். மேசையை நகர்த்துங்கள் என்று சொல்ல எனக்குப் பயம். ஃபில்டரை உருவியதும் தூசியெல்லாம் ஈரப் பெயிண்டின் மேல் கொட்டிவிட்டது.

"போச்சு சார்! தொடச்சி வுட்ரட்டா?"

"கையை எடுய்யா!"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாலைவனத்துல இறங்குன பிளேன்யா இது. இந்த அழுக்கு எந்தப் பெயிண்ட்லயும் வரலைன்னு முழிச்சிட்டிருந்தேன். மிச்சத்தையும் ஒரு டப்பாவுல போட்டுக் குடு."

கொடுத்தேன். வாலிலும் கொஞ்சம் தூவிக்கொண்டார்.

நிஜமாகவே அவருக்கு அது தேவைப்பட்டதா, இல்லை வெளுத்துப்போன என் முகத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாரா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.