எண்ணூற்று நாற்பது கிலோமீட்டர் பேரிக்காய்

என் அத்தை, அதாவது தாய்மாமன் மனைவி, காய்கறிக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு கூடையிலும் அட்டை எழுதிச் செருகுவது அவள் பொறுப்பு. காய் விளைந்த ஊரும், அங்கிருந்து கடைக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதும் அதில் இருக்கும். கையெழுத்து முத்து முத்தாக இருப்பதால் முதலாளி அந்த வேலையை வேறு யாருக்கும் தருவதில்லை. கீரைக்கு நான்கு, கத்தரிக்காய்க்குப் பன்னிரண்டு, உருளைக்கிழங்குக்கு ஐம்பத்தைந்து. ஒரே ஒரு அட்டையில் மட்டும் எண்ணூற்று நாற்பது. அது பேரிக்காய். அத்தை பிறந்த மலையிலிருந்து வருடத்தில் ஆறு வாரம் வரும்.

அவள் கல்யாணமாகி வந்து பதினாறு வருடம். பெற்றவர்கள் போன பிறகு, அங்கே 'வா' என்று சொல்ல ஆளில்லை. பேரிக்காய்ப் பெட்டி வந்தால் மட்டும் ஆணிகளை அவளே பிடுங்குவாள். பழங்களுக்கு நடுவே திணித்திருக்கும் காய்ந்த புல்லில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள்.

"தங்கச்சிக்குப் பொறந்த வீடு வந்தாச்சு. இனி யார் கூப்பிட்டாலும் காது கேக்காது" என்பார் முதலாளி.

இந்த வருடம், பக்கத்தில் விளைந்ததையே சாப்பிட வேண்டும் என்று ஒரு குழு கிளம்பியது. அதன் தலைவர் ஓய்வு பெற்ற வாத்தியார். அறுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த எதையும் தொடமாட்டார். கடையில் அவருக்கு 'அறுபது' என்றே பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலேயே கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன்.

"தூரத்துல இருந்து வரணும்னா காயாவே பறிச்சாகணும். இங்க நம்ம தோட்டக்காரர் பழுத்ததை வச்சுக்கிட்டு வாங்க ஆளில்லாம நிக்கிறார்" என்றார் வாத்தியார்.

"சார், உங்க காப்பித்தூள் எங்க விளையுது?" என்று கேட்டார் கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் ஆட்டோக்காரர்.

"அதை விட்டு எட்டு மாசமாச்சுப்பா. தலைவலிதான் இன்னும் விடல."

எல்லோரும் சிரித்தார்கள். பேரிக்காயை நிறுத்தலாமா என்ற பேச்சு வந்ததும், முதலாளி அத்தையைக் கைகாட்டினார். "அவங்க ஊர்ப் பழம். அவங்களே சொல்லட்டும்."

அவள் சண்டை போடுவாள் என்று நினைத்தேன்.

"சார் சொல்றது சரிதான்" என்று தொடங்கினாள். "எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு மரம். தானா விழுந்ததைக் காலையில பொறுக்குவோம். கடிச்சா முழங்கை வரைக்கும் சாறு ஒழுகும். அந்தப் பழம் அடுத்த தெருவுக்குப் போறதுக்குள்ள கொழகொழன்னு ஆயிடும். இங்க வர்றது வெறும் கட்டை. நானே அதைத் தின்னு பல வருஷமாச்சு."

கைதட்டல் எழுந்தது. "இதுக்கு மேல நான் என்ன பேச?" என்றார் வாத்தியார். எல்லாக் கைகளும் உயர்ந்தன, அத்தையின் கை தவிர. இருக்கிற பெட்டியோடு பேரிக்காய் நின்றது.

வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஆறவில்லை. "வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தை?"

"ருசியைப் பத்தித்தானே பேச்சு. அதுல எப்படிப் பொய் சொல்றது?" என்றாள். தெரு முனையில் திரும்பினோம். பிறகு, "புல்லைப் பத்தி யாரும் கேக்கலையே" என்றாள்.

சனிக்கிழமை கடைசிப் பெட்டியும் அநேகமாகத் தீர்ந்தது. "அண்ணே, பெட்டியை நான் எடுத்துக்கவா?" என்று கேட்டாள்.

"அடியில நாலு பழம் கெடக்கு பாரு. அதையும் எடுத்துக்கோ."

"பழம் வேண்டாம்ணே."

பெட்டி இப்போது அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வாசனை தீர்ந்துவிடக் கூடாது என்று மாதத்தில் ஒரு தடவைதான் மூடியைத் திறக்கிறாள்.