திண்டுக்கல்லில் ஒரு குடம் தண்ணீர்

ஐம்பதுகளில் ஒரு சித்திரை மாதம். குளித்தலைப் பக்கம் எங்கள் ஊர். வத்தலக்குண்டு அருகே கொடிக்கால் போடக் குத்தகைக்கு நிலம் பிடித்திருந்தேன். பாத்தி கட்டி, கொடி படர அகத்தியும் வளர்த்தாகிவிட்டது. நட வேண்டிய வெற்றிலைக் கொடிகளை ஈர வாழைச்சருகில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோனேன். அது காய்ந்தால் அந்த வருடமே போச்சு.

திண்டுக்கல்லில் பஸ் நின்றுவிட்டது. மறு பஸ் நாலு மணிக்கு மேல்தான் என்றார்கள். உச்சி வெயில். கொடிக்கட்டைத் தொட்டேன், சுட்டது.

தண்ணீர் தேடி ஒரு தெருவுக்குள் போனேன். கிணற்றடியில் குடங்கள் வரிசையாக இருந்தன. வாளியில் பாதி சேறு வந்தது. ஆற்றங்கரைக்காரன் நான். அதைப் பார்த்த பிறகு கேட்க வாய் வரவில்லை.

எதிர் வீட்டு வாசலில் ஒருவர் நின்றிருந்தார். தோல் வியாபாரி. என் வயதுதான் இருக்கும்.

"என்ன அப்பு, எழவு வீட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீக?"

சொன்னேன். மறுபேச்சில்லாமல் உள்ளே போய் ஒரு குடத்தைத் தூக்கி வந்தார். கொடிக்கட்டை நிழலில் வைத்து, சருகு நனைய நனைய ஊற்றினார். குடத்தின் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியது. அதைச் செம்பில் சாய்த்து என்னிடம் நீட்டினார்.

அவர் உதடு வெடித்திருந்தது. நீங்கள் முதலில் குடியுங்கள் என்றேன். வேண்டாம் என்றார். மறுபடி சொன்னேன். தலையை ஆட்டினார். உப்புத் தண்ணீரோ என்று எனக்குத் திக்கென்றது. உப்பு பட்டால் கொடி கருகிவிடும்.

"நீங்க வாயில வைக்காத தண்ணியையா என் கொடியில ஊத்துனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"நோன்புண்ணே. பொழுது சாயிற வரைக்கும் எச்சிகூட முழுங்க மாட்டாரு. நோன்பு தொறக்க வச்சிருந்த நல்ல தண்ணிதான் அது."

எங்கள் பக்க விரதத்தில் தண்ணீர் குடிப்போம். அதுகூடக் குடிக்காத விரதம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. கை கூப்பக்கூடத் தோன்றவில்லை.

"பொழுது சாய இன்னும் நேரமிருக்கு, கிணறு ஊறுனதும் எறைச்சுக்கிருவோம். கொடி அதுவரைக்கும் தாங்காதுல்ல?" என்றார் அவர். செம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். "குடிங்க. நோன்பு எனக்குத்தான், உங்களுக்கில்ல" என்று சிரித்தார்.

திரும்பி நின்று குடித்தேன். தித்திப்பான தண்ணீர்.

கொடி அத்தனையும் பிடித்துக்கொண்டது. முதல் கிள்ளு வெற்றிலையைக் கொண்டுபோய்க் கொடுக்க நினைத்தேன். கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. கால் எழவில்லை. வெடித்த உதட்டோடு தண்ணீரை நீட்டிய மனிதனைப் பார்த்து எனக்குச் சந்தேகம்தானே முதலில் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.