மார்வாவின் நிறம்

முன்பெல்லாம் கடைத் தொலைபேசியை நான் எடுப்பதில்லை. அன்று காலை கடை முதலாளி பாலன் அண்ணை கடதாசிக் கட்டுகளை இறக்க வெளியே போயிருந்தார். அது விடாமல் அடித்ததால் எடுத்தேன். மார்வாவின் தாய் பேசினார். “என் மகள் விடியற்காலையில் இறந்துவிட்டாள். கடைக்கு முதலில் சொல்லச் சொல்லியிருந்தாள்.” “யெஸ்” என்ற ஒரு சொல்தான் எனக்கு வந்தது. அவர் வைத்த பிறகும் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன்.

லூயிஷாமில் எங்கள் அச்சுக் கடைக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். உங்கள் கலியாண அழைப்பிதழ்களையும் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்ப் புத்தகங்களையும் கணினியில் அழகாக அடுக்கியவர் அவர்தான். உங்களில் சிலர் அவருக்கு முன்னாலேயே என்னிடம், “அந்தக் காப்பிலி இன்றைக்கு நிக்கிறாளோ?” என்று கேட்டிருக்கிறீர்கள். கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் அல்ல, அவர் பெயர் மார்வா. ஜமேக்காவிலிருந்து வந்த தாய் தகப்பனுக்கு லண்டனில் பிறந்தவர்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தமிழ்த் தட்டச்சு செய்ய நான் அங்கே சேர்ந்தேன். யாரோடும் பேசமாட்டேன். “பேசு, பேசு” என்று என்னை நச்சரிக்காத ஒரே ஆள் மார்வா. இருவருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார். ‘முடியாது’ என்பதற்குப் பாலன் அண்ணை சொல்லும் ‘ஏலாது’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்து பிடித்து வைத்திருந்தார். கணினி இறுகி நின்றுவிட்டால் மேசையில் தட்டி, “ஏலாது!” என்று கத்துவார். கடை முழுக்கச் சிரிக்கும்.

ஒருநாள் ஒரு அன்ரி, கலியாணப் பேச்சுக்கு அனுப்ப மகளின் படத்தைக் கொண்டுவந்தார். “பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கித் தரச் சொல்லும், தங்கச்சி.” நான் தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னேன். மார்வா அந்தப் பிள்ளையின் முகத்தைப் பால்போல வெளுத்துத் திரையைத் திருப்பிக் காட்டினார்.

“ஐயோ, இது என்ர பிள்ளை இல்லை!” என்றார் அன்ரி.

“நானும் அதைத்தான் சொல்கிறேன் என்று சொல்லு” என்றார் மார்வா.

சொன்னேன். அன்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உவ நல்ல வாய்க்காரிதான். சரி, இருந்தபடியே அடிக்கச் சொல்லும்.” வீட்டில் என்னைக் ‘கறுப்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று பஸ்ஸில் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு போனேன்.

கடை பூட்டிய பிறகு மார்வா தன் படங்களைச் செய்வார். மார்பில் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து வந்த காலம் அது. தன் உள்ளங்கை, தாயின் தேவாலயத் தொப்பி, ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டி எல்லாவற்றையும் ஸ்கானரில் வைத்து எடுத்து, திரையில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைத்துத் தன் உருவத்தையே வரைந்தார். நெஞ்சின் தழும்பு பொன் கோடாக மின்னியது. சேமிக்கும் முன் திரையில் கைவைத்து “ஆமென்” என்பார். பிரிண்டர்தான் அவருடைய எதிரி. கறுப்பு முகத்தை அது கரியாக்கும், அல்லது சாம்பலாக்கும். அவர் நிறத்தைத் திருத்தித் திருத்திச் சின்னக் கடதாசித் துண்டுகளில் அச்சடித்து, தன் முன்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். “இந்த மெஷின் என்னைப் பார்க்கும்வரை விடமாட்டேன்” என்பார்.

அவருடைய தேவாலய மண்டபத்தில் அந்தப் படத்தை மாட்ட மூப்பர்கள் சம்மதிக்கவில்லை. மார்வா அழவில்லை. “கிறிஸ்துவின் கையில் காயம் இருக்கலாம், என் நெஞ்சில் இருக்கக் கூடாதா?” என்று கேட்டுவிட்டுப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

நோய் திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார்: “உங்கள் ஆட்கள் இறந்தவருக்குப் புத்தகம் போடுகிறீர்கள். எனக்கும் ஒன்று வேண்டும். ஆனால் என்னை வெளுக்க விடாதே.”

செத்த வீட்டுச் சடங்குகள் முடிந்து அவருடைய நினைவு மலர் வேலை தொடங்கியது. பாலன் அண்ணை கண்ணைத் துடைத்துத் துடைத்து அட்டையைத் தானே செய்தார். மார்வாவை யாரோ ஸ்டூடியோவில் எடுத்த பழைய படம். எங்கள் வழக்கப்படி முகத்தை வெளுத்து, தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் போட்டிருந்தார்.

“பாரும் பிள்ளை, எவ்வளவு வடிவா வந்திருக்கிறா.”

“ஏலாது, அண்ணை” என்றேன்.

“என்ன?”

“உந்தப் படத்தைப் போட ஏலாது. அவ தானே செய்த படம் இருக்கு. அதைத்தான் போடவேணும்.”

“தழும்போடையோ? சேர்ச் ஆக்கள் என்ன சொல்லுவினம்?”

மார்வாவின் தாய் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவரிடம் இரண்டு படங்களையும் காட்டி, மகள் கேட்டதை ஆங்கிலத்தில் முழுவதும் சொன்னேன். இடையில் நிறுத்தவில்லை. அவர் மகளின் தழும்பைக் கனநேரம் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மேலே சுருட்டி, கையை மேசையில் நீட்டினார்.

“அவளுக்கு என் நிறம். இதற்குச் சரியாக அடி.”

முதல் துண்டு கரியாக வந்தது. அடுத்தது செங்கல்போல் சிவந்தது. பாலன் அண்ணை கடதாசியை மாற்றி மாற்றி வைத்தார். கடைசியாக ஒரு துண்டைத் தாயின் கைமேல் வைத்தபோது எது கடதாசி, எது தோல் என்று தெரியவில்லை. அவர் அந்தத் துண்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இந்த மலரின் அட்டையில் நீங்கள் பார்ப்பது அந்தப் படம்தான். அதில் எதையும் மறைக்கவில்லை.

அந்தத் துண்டு இப்போது என் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. தொலைபேசியை நான்தான் எடுக்கிறேன். பிள்ளையின் முகத்தை வெளுத்துத் தரச் சொல்லி இனி யார் வந்தாலும், மார்வா எங்களிடமிருந்து எடுத்து எனக்குத் திருப்பித் தந்த சொல் என்னிடம் இருக்கிறது. ஏலாது.